மலையூர்களுக்கு வயர்லெஸ்



2018 நவம்பரில் கஜா புயல் நாகைப் பகுதியில் கைப்பேசிக் கோபுரங்களைச் சாய்த்தது. நம் கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளுள் ஒன்றில் மண் சரிந்து, கைப்பேசியும் ஓய்ந்தால், பிரசவ வேதனையிலிருப்பவளைப் பற்றிச் செம்மேட்டிற்கு யார் அறிவிப்பது?

ஆதலின் வயர்லெஸ் வேண்டுமென்கிறோம். 'எத்தனை வாட்?' என்றே பலரும் வினவுகின்றனர். கையடக்கக் கருவி பெரும்பாலும் ஐந்து வாட் தரும். கூடுதலாயினும் அலை குன்றைத் துளைத்துச் செல்லாது. பள்ளத்தூரார் மேடேறிப் பேச வேண்டும். அல்லது இரு ஊரும் தெரியும் முகட்டில் ஒருவர் நின்று செய்தியைக் கைமாற்ற வேண்டும். வி.எச்.எப். கருவிக்கு அரசு உரிமமும், எல்லாவற்றிற்கும் மாற்று பாட்டரியும் தேவை.

பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்தே பேசுக. இல்லையேல் முதற்சொல் அறுபடும். அதுவோ பெரும்பாலும் ஊரின் பெயர்!

வாரந்தோறும் ஒரு மாலை ஒவ்வோர் ஊரும் செம்மேட்டை அழைத்துப் பார்ப்பதென மழைக்கு முன்பே தொடங்குவோம்.