ஆச்சியின் பெயரும் கணினியின் பெட்டியும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மருத்துவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம் எல்லாம் கேட்டுச் சலித்திருப்பீர்கள். வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் புதிதாக வந்திருக்கும் ஒரு தலையிடியைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பெயர் மென்பொருள்.

1990களில் நாங்கள் இங்கே படித்தபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்களுக்குக் கணினி என்பது படத்தில் கண்ட சாமான். ஆனாலும் எங்கள் வயதுக்காரரின் சிக்கல் அதுவல்ல. விசைப்பலகை ஒரு கிழமையில் பழகிவிடும். மென்பொருள் நினைக்கும் விதம்தான் பழக மறுக்கிறது.

பதிவுத் திரையில் முதற்பெயருக்கு ஒரு பெட்டி, குடும்பப்பெயருக்கு ஒரு பெட்டி. எங்கள் ஆச்சிமாருக்குக் குடும்பப்பெயர் ஏது? கலியாணத்துக்கு முன் தகப்பன் பெயர், பின் கணவன் பெயர். ஒருவர் ஒரு பெட்டியில் போடுவார், அடுத்த முறை இன்னொருவர் மாற்றிப் போடுவார். அதையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சிவபாக்கியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று வீட்டில் எழுதிப் பாருங்கள். அடையாள அட்டை இலக்கத்தால் தேடலாமே என்பீர்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வரும் அட்டைகளில் 12 இலக்கம். ஆச்சி அட்டையை வீட்டில் விட்டு வந்தால் அதுவும் இல்லை.

இப்படி ஒரே ஆச்சி கணினியில் இரண்டு பேராகிவிடுவா. ஒரு பதிவில் 'பெனிசிலின் ஒவ்வாமை' என்று இருக்கும். மற்றதில் ஒன்றும் இராது. அன்றைக்கு எந்தப் பதிவு திறக்கிறதோ, அதைப் பார்த்துத்தான் மருந்து எழுதப்படும். கிளினிக் கொப்பியில் இந்தப் பயம் இருக்கவில்லை. அது ஆச்சியின் பையிலேயே இருக்கும்.

என்னோடு வேலை செய்த ஒரு தாதி உத்தியோகத்தருக்கு 30 வருடச் சேவை. அழும் குழந்தையின் கையில் ஒரே தடவையில் நாளம் பிடிப்பா. அவவுக்குக் கிடைத்தது ஒரு பின்னேரப் பயிற்சி, முழுக்க ஆங்கிலத்தில். அடுத்த நாள் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வசனம் வர, பின்னால் வரிசை நீள, "டொக்டர், நான் பென்சனுக்கு எழுதிக் குடுக்கப் போறன்" என்றா. அவவைக் காப்பாற்றியது எந்தக் கைநூலும் இல்லை. இரவுக் கடமையில் ஒரு பயிலுநர் பிள்ளை பக்கத்தில் இருந்து, எந்தப் பொத்தானுக்குப் பிறகு எது என்று கொப்பியில் தமிழில் எழுதிக் கொடுத்தா. மூன்று பக்கம், அவ்வளவுதான்.

நன்மையையும் சொல்ல வேண்டும். டெங்கு நோயாளியின் குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்குவதைத் திரையில் வரிசையாகப் பார்க்கும்போது, பழைய துண்டுக் காகிதங்களுக்குத் திரும்ப எனக்கு விருப்பமில்லை.

தொழினுட்பம் படிக்கும் தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் சிலர் நாளை இப்படியான மென்பொருள் எழுதுவீர்கள். அதற்கு முன் ஒரு காலைப்பொழுது கிளினிக் வாங்கில் வந்து இருங்கள். பக்கத்தில் இருக்கும் ஆச்சியிடம் முழுப்பெயரைக் கேட்டு, அவ சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு போய்ப் பெட்டிகளைப் போடுங்கள்.