பிள்ளைத்தமிழ் பாடாத பருவம்



பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள் உண்டென்பதை நீங்கள் அறிவீர்கள். காப்பு முதல் அம்புலி வரையான ஏழும் இருபாற் பிள்ளைகளுக்கும் பொது. ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கே உரியவை சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் இறுதி மூன்றுமாகும். சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைத்தல், பறை கொட்டுதல், தேர் உருட்டுதல். மூன்றுமே ஓரிடத்தில் இராத பிள்ளையின் செயல்கள்.

மன்னார்த் தீவில் மணலுக்குப் பஞ்சமில்லை. என் மகன் சிதைத்த மணல்வீடுகளுக்காக அயல்வீட்டுச் சிறுமியரிடம் நான் பலமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். வெற்றுப் பால்மா ரின் அவனுக்குச் சிறுபறை. நுங்குக் கோம்பையிற் செய்த வண்டி சிறுதேர். சோளகம் வீசத் தொடங்கினால் பட்டத்தோடு போய்விடுவான். தெருவில் திரியும் கழுதையில் ஏறி விழுந்து கையை முறித்துக்கொண்டதும் உண்டு. 1990இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 மார்ச்சில் மீண்டும் ஓடியபோது அவனுக்குப் பதினொரு வயது. தண்டவாளத்தை ஒட்டி ரயிலோடு ஓடினான். நான் பின்னால் ஓடினேன்.

பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரை வகுப்பது மரபு. அதற்குப் பின் அந்தப் பிள்ளை என்ன ஆனான் என்று புலவர் சொல்வதில்லை. வளர்ந்த மகனைப் பற்றிப் பேச நான் புறநானூற்றுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. காவற்பெண்டு பாடிய எண்பத்தாறாம் பாட்டிலே, ஒருத்தி வீட்டுத் தூணைப் பற்றிக்கொண்டு, உன் மகன் எங்கே என்று கேட்கிறாள். எங்கிருக்கிறானோ தெரியாது, புலி தங்கிப்போன குகை போன்றது அவனைப் பெற்ற வயிறு, அவன் போர்க்களத்தில் தோன்றுவான் என்கிறாள் தாய்.

இதைப் பல ஆண்டுகளாக வீரம் என்றே கற்பித்தேன். ஆனால் வீட்டிலே நான் அந்தத் தாயாக இருக்கவில்லை. போர்க்காலத்தில் ஆண்பிள்ளைக்குப் பதினைந்து வயதானால் எங்கள் தாய்மாருக்கு நித்திரை இல்லை. அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். 2009இல் போர் முடிந்தபோது என் மகனுக்கு ஐந்து வயது. போர் முடிந்தது, என் பயம் முடியவில்லை.

பதினான்கு வயதில் ஒருநாள், தலைமன்னார்ப் பழைய இறங்குதுறையில் நின்று மேற்கே கைகாட்டி, "அம்மா, இந்தியாவுக்கு நீந்திப் போகேலுமோ?" என்று கேட்டான். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்று இறந்ததை மட்டும் சொன்னேன். அதே ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையைக் கடந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பியும் நீந்தி வந்தார் என்பதைச் சொல்லவில்லை. தெரிந்தே மறைத்தேன்.

பதினாறு வயதில், சொல்லாமல் மீனவர் படகில் ஏறி மணல்திட்டுப் பார்க்கப் போய்விட்டான். கரையிலே பொழுதுபட்ட பிறகும் காத்து நின்றேன். வந்திறங்கியவனை எல்லோர் முன்னிலையிலும் அடித்தேன். அவன் அழவில்லை. அதன் பின்னர் எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டே போவான். என்ன பார்த்தேன் என்று மட்டும் சொல்வதில்லை. அந்த மணல்திட்டு எப்படி இருந்தது என்று நானும் கேட்கவில்லை.

2022இன் பொருளாதார நெருக்கடிக்கு அடுத்த ஆண்டு அவன் கட்டாருக்கு வேலைக்குப் போனான். எங்கள் விறாந்தைத் தூணில் விக்கெட்டுக்காக அவன் கரியால் இழுத்த மூன்று கோடுகள் இருக்கின்றன. அழி அழி என்று ஏசியவள் நான். சென்ற பொங்கலுக்கு வெள்ளையடித்தவரிடம் அந்த இடத்தை விட்டுவிடச் சொன்னேன். அன்று அயல்வீட்டுப் பிள்ளை, ஒரு காலத்தில் மணல்வீட்டைப் பறிகொடுத்தவள், அதே தூணைப் பிடித்துக்கொண்டு, "ரீச்சர், தம்பி இப்ப எங்க நிக்கிறான்?" என்று கேட்டாள். கட்டார் என்றேன். கட்டாரில் எங்கே, என்ன அறையில், யாரோடு? எனக்குத் தெரியாது. காவற்பெண்டின் தாய் முதலிற் சொன்னதும் அதுதான். புலியையும் குகையையும் விளக்கிய நான், அந்தத் தெரியாது என்ற சொல்லைப் பாடத்தில் ஒருநாளும் நிறுத்திப் படிப்பித்ததில்லை.

அன்றிரவு தொலைபேசியில் ஆனந்தனின் 1971ஆம் ஆண்டுக் கதையை அவனுக்குச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப ஏன் அம்மா அண்டைக்குச் சொல்லேல்லை?" என்றான். பயத்திலே என்றேன். சிரித்தான். பிறகு அந்த மணல்திட்டைப் பற்றி, நான் கேளாமலே, நெடுநேரம் சொன்னான்.