தனுஷ்கோடி நிலையத்திடம் கேட்க மூன்று கேள்விகள்
(சிவகாசியில் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சுற்றுலாவுக்கு ராமேஸ்வரம் போகும் நம் பள்ளிகள் தனுஷ்கோடியையும் பார்க்கத் தவறுவதில்லை. இடிந்த ரயில் நிலையச் சுவர் முன்பு படம் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். அந்தச் சுவரிடம் கேட்க மூன்று கேள்விகள் உண்டு.

இந்த மணல் திட்டில் நிலையம் ஏன் வந்தது? 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் சென்னையிலிருந்து ‘போட் மெயில்’ தனுஷ்கோடி வரை ஓடியது. பயணிகள் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் சேர்ந்து, அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்பு சென்றார்கள். வணிகர்களும் தோட்டத் தொழிலாளர்களும் கடல் கடந்த வழி இது. வரைபடத்தில் இரு ஊர்களையும் தொட்டுக் காட்டினால் போதும். காரணத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அந்த இரவில் என்ன நடந்தது? 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலை, தனுஷ்கோடியை நெருங்கும்போது புயல் அலை அடித்துச் சென்றது. அதில் இருந்தவர்கள் 115 பேர் என்கிறது ஒரு கணக்கு. இன்னும் கூடுதல் என்கின்றன வேறு சில. இந்த வேறுபாட்டை மறைக்காமல் வகுப்பில் வையுங்கள். பட்டாசு ஆலை விபத்துச் செய்தியில் எண்ணிக்கை மாறுவதைப் பார்த்து வளர்பவர்கள் நம் பிள்ளைகள். எண்ணில் அடங்காமல் விடுபடுகிறவர்கள் யார் என்று கேளுங்கள். அவர்களிடம் பதில் இருக்கும்.

நிலையத்தை ஏன் மீண்டும் கட்டவில்லை? அதே புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை, பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாட்களில் சீராக்கினார். ஆகவே, திறமை இல்லாமல் போகவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று தனுஷ்கோடியை அரசு அறிவித்தது. ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றது. எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்பதும் பேரிடர் பாடத்தின் ஒரு பகுதிதான்.

சுற்றுலா போக வசதியில்லாத பள்ளிகள் வருந்த வேண்டாம். விருதுநகர்–தென்காசிப் பாதை 1927இல் வந்தது. நம் சிவகாசி நிலையம் அதில்தான் இருக்கிறது. அங்கே ஒரு மாலை பிள்ளைகளை அழைத்துப் போய், “இந்த நிலையம் இங்கே ஏன் வந்தது? இது இல்லாவிட்டால் நம் ஊர் எப்படி இருந்திருக்கும்?” என்று கேட்டு, பெரியவர்களிடம் விசாரித்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கங்களைப் பள்ளி நூலகத்தில் சேர்த்து வையுங்கள்.