கிணற்றடியில் கற்ற கல்வி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பெட்ரோலியம். அதன் விலையைப் பற்றியோ, அதனால் வண்டிகள் ஓடும் விதத்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. மண்ணுக்கடியில் கிடக்கும் எண்ணெயைத் தேடிக் கண்டு மேலே கொண்டுவரும் வித்தையை நம் நாட்டார் யாரிடம் கற்றனர், எவ்வாறு கற்றனர், கற்றதை மற்றவர்க்கு எவ்வளவு தூரம் சொன்னார்கள் என்பதே என் பேச்சு.

எங்கள் ஜோலார்பேட்டையில் எண்ணெய்க் கிணறு ஒன்றும் இல்லை. சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதை பெங்களூருக்கும் சேலத்துக்குமாகப் பிரிகின்ற சந்திப்பு அது. எண்ணெய்த் தொட்டிகள் பூட்டிய சரக்கு வண்டிகள் அவ்வழியே கடந்து போகும், அவ்வளவே. எங்கள் வட்டாரத்தின் வித்தை தோல் பதனிடுதல். எனினும், தோல் தொழிலை அருகிருந்து பார்த்தவனுக்கு எண்ணெய்த் தொழிலின் கதை எளிதில் விளங்கும். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் முன்பெல்லாம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் தோலை இட்டுப் பதப்படுத்துவார்கள். அனுபவசாலி ஒருவர் தோலை எடுத்து, விரலால் மடித்துப் பார்த்து, ‘பதம் வந்துவிட்டது’ என்பார். அந்த அறிவு ஏட்டில் எழுதப்பட்டதன்று, கைவழியாக வந்தது. 1948-இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராக இருந்த டாக்டர் நாயுடம்மா, ஆராய்ச்சியாளர் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடலாகாது, தோல் பதனிடும் தொட்டியருகே சென்று நிற்கவேண்டும் என்னும் கொள்கையுடையவர். 1970களின் தொடக்கத்தில், பாதி பதனிட்ட தோலை அயல்நாட்டுக்கு அனுப்புவதை அரசு கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையும் காலணி முதலிய பொருள்களையும் செய்து அனுப்பும்படி தூண்டியது. அப்போது சிறிய தொழிற்சாலைக்காரர்கள் பலர் புதிய முறைகளைக் கற்றாலொழிய வாழ முடியாத நிலை வந்தது. பட்டைத் தொட்டி வாரக்கணக்கில் செய்த வேலையைக் குரோமிய உப்பு ஏறத்தாழ ஒரு நாளில் செய்து முடிக்கும். ஆனால் அதன் அளவும் காலமும் தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். கற்பிக்க வந்த விஞ்ஞானியும் பழைய தொழிலாளியின் விரலறிவை மதித்துக் கேட்க வேண்டியவராகவே இருந்தார். இவ்வாறு இரு திசையிலும் ஓடிய கல்வி அது.

இனி எண்ணெய்க்கு வருவோம்.

அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியாவில் டிரேக் என்பவர் எண்ணெய்க்கென்றே கிணறு துளைத்து வெற்றி கண்டது 1859-இல். முப்பதே ஆண்டுகளில், 1889-இல், நம் அஸ்ஸாமின் டிக்பாய்க் காட்டில் துளையிடத் தொடங்கிவிட்டார்கள். 1901-இல் அங்கே சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது. அப்படியானால் இவ்வித்தை நமக்குப் பழமையானது என்றுதானே தோன்றும்? உண்மை வேறு. எண்ணெய் நம் மண்ணில் சுரந்தது. அதைத் தேடும் அறிவு கம்பெனியாரின் கையில் இருந்தது. எங்கே துளைப்பது, எந்த ஆழத்தில் எந்தப் பாறை என்பன அவர்களுடைய ஏடுகளில் அடங்கிக் கிடந்தன. வணிகம் செய்ய வந்தவர்கள் தம் ஏடுகளை ஊரார்க்கு விரித்துக் காட்டவில்லையே என்று குறைகூறுவது பொருந்தாது. குறை, அரை நூற்றாண்டுக்கு மேலாக நாம் கேட்காமல் இருந்ததுதான். அடிமை நாட்டில் அப்படிக் கேட்பதற்கும் ஆளில்லை.

விடுதலைக்குப் பின் நடந்த முதல் முயற்சியும் ஏறக்குறைய அதே வழியில்தான் சென்றது. 1953-இல் வங்காளத்தில் எண்ணெய் தேடுவதற்கு ஸ்டான்வாக் என்னும் அமெரிக்கக் கம்பெனியோடு ஓர் உடன்பாடு செய்யப்பட்டது. நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு அவர்களுடையது, இருபத்தைந்து நம்முடையது. தேடும் பணியை நடத்தியது கம்பெனி. எண்ணெயும் கிடைக்கவில்லை.

அக்காலத்தில் இத்துறையைப் பார்த்துவந்த கேசவ தேவ மாளவியா வேறு வழி தேடினார். எண்ணெய் வேண்டும் என்று கேட்பதோடு, எண்ணெய் தேடக் கற்றுத்தர வேண்டும் என்றும் கேட்பது அவர் வழி. 1955-இல் எண்ணெய், இயற்கை எரிவாயுக்கென ஓர் இயக்ககம் அமைந்தது. 1956 ஆகஸ்ட் 14 அன்று அது ஆணையமாயிற்று. டேராடூன் அப்போது அதன் தலைமையிடமாக இருந்தது. இன்று எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் எனப்படுவது அதுவே. சோவியத் நாட்டிலிருந்து கலினின் என்பவர் தலைமையில் வந்த வல்லுநர் குழு நம் நாட்டின் நிலப்பகுதிகளை ஆராய்ந்து, எங்கெங்கே தேடலாம் என்று அறிக்கை தந்தது. ருமேனியர்களும் துணைக்கு வந்தார்கள். நம் இளைஞர்கள் சிலர் அந்நாடுகளுக்குச் சென்றார்கள். 1926 முதல் சுரங்கக் கல்வி தந்துவந்த தன்பாத் பள்ளியில் 1957-இல் பெட்ரோலியப் பாடமும் தொடங்கியது.

இவ்விடத்தில் சற்று நின்று, கற்க வேண்டியிருந்தது என்ன என்று பார்ப்போம். மாணவர்கள் பலர், நீளமான ஓர் இரும்புத் திருகை மண்ணில் சுழற்றினால் எண்ணெய் பீறிட்டு வரும் என்று எண்ணியிருப்பார்கள். துளைக்கும் தண்டு உள்ளே வெறுங்குழாய். அதன் வழியாகக் களிமண்ணும் வேறு பொடிகளும் கரைத்த சேற்றுக் குழம்பை இடைவிடாது கீழே செலுத்துகிறார்கள். அக்குழம்பு துளைமுனையின் வாயில் வெளிப்பட்டு, சூடேறிய முனையைக் குளிரச் செய்து, நொறுங்கிய பாறைத் துகள்களைச் சுமந்துகொண்டு, குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் இடையே உள்ள வெளியில் மேலேறி வருகிறது. மேலே வந்த துகளைச் சல்லடையில் பிடித்து உருப்பெருக்கியில் பார்த்தே, கீழே எந்தப் பாறையில் முனை நிற்கிறது என்று சொல்கிறார்கள்.

குழம்பு செய்யும் பெரிய வேலை வேறொன்று உண்டு. பத்து மீட்டர் உயரமுள்ள நீர், ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் தரும் என்று நீங்கள் பௌதிகத்தில் படித்திருப்பீர்கள். இரண்டாயிரம் மீட்டர் ஆழக் கிணற்றில் நீர் நின்றால் அடியில் இருநூறு மடங்கு அழுத்தம். பாறைக்குள் சிறைப்பட்ட வாயு அதையும் மிஞ்சி மேலே தள்ளக்கூடும். ஆகவே பாரைட் என்னும் கனமான கனிமப் பொடியைக் கலந்து குழம்பின் எடையைக் கூட்டுகிறார்கள். அக்கனிமம் நமக்கு அண்மையில், ஆந்திரத்தின் மங்கம்பேட்டையில் ஏராளமாக உண்டு. எடை குறைந்தால் வாயு வெடித்துக் கிளம்பும். மிகுந்தால் பாறை பிளந்து குழம்பு உள்ளே ஓடிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே நிறுத்துவது பதம் பார்ப்பது போன்ற வேலை. புத்தகத்தில் சூத்திரம் உண்டு. சூத்திரம் மட்டும் படித்தவன் கையில் கிணற்றை ஒப்படைக்கும் துணிவு யாருக்கும் வராது. அதனால்தான் வல்லுநர் கிணற்றடியிலேயே நின்று கற்பிக்க வேண்டியிருந்தது. ருஷ்ய மொழிக்கும் நம் மொழிகளுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் நிற்க, முதலில் அவர்கள் செய்ய நம்மவர் பார்த்தனர். பிறகு நம்மவர் செய்ய அவர்கள் பார்த்தனர். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முறையும் ஏறக்குறைய இதுவே. மாணவன் கையில் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுக்கத் தயங்கும் ஆசிரியர், தாம் எவ்வளவு அழகாக எழுதினாலும் பாதி ஆசிரியரே.

1957-இல் இமயத்தின் அடிவாரத்திலுள்ள ஜ்வாலாமுகியில் முதல் துளை. நினைத்த பலன் இல்லை. 1958 செப்டம்பரில் குஜராத்தின் காம்பே அருகே லூனேஜ் என்னும் இடத்தில் எண்ணெய் தோன்றியது. 1960-இல் அங்கலேஷ்வரில் கிடைத்த வளம் அதனினும் பெரிது. அங்குள்ள முதற் கிணற்றுக்கு நேரு ‘வசுதாரா’ என்று பெயரிட்டார். பின்னர்க் கடலுக்குள்ளும் தேடல் சென்றது. சோவியத் ஆய்வுக்கப்பல் காட்டிய தடத்தைப் பற்றி, ஜப்பானில் கட்டிய ‘சாகர் சாம்ராட்’ என்னும் துளைக்கலத்தைக் கொண்டு, 1974 பிப்ரவரியில் பம்பாய்க்கு மேற்கே நூற்றறுபது கிலோமீட்டர் தொலைவில் எண்ணெய் கண்டார்கள். 1976-இல் அது கரைக்கு வரத் தொடங்கியது. முதல் பாடத்துக்கும் இதற்கும் இடையே இருபதே ஆண்டுகள். அதன் பின்னர் வியட்நாம் கடலில் எரிவாயு எடுக்கும் பணியில் நம் நாட்டு நிறுவனமும் பங்கேற்றதை எண்ணும்போது, நேற்றைய மாணவன் இன்று பக்கத்து வகுப்பில் பாடம் எடுக்கக் காண்பது போன்ற மகிழ்ச்சி உண்டாகிறது.

பெரிய நாடுகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் மட்டும் இந்தத் தேவை உண்டென்று எண்ண வேண்டா. அமெரிக்காவில் நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து பீப்பாய்க்கு மேல் தராத சிறு கிணறுகளை வைத்துப் பிழைக்கும் உற்பத்தியாளர் ஏராளம். பீப்பாய் என்பது 159 லிட்டர். அவர்களுக்கு ஆய்வுக்கூடம் ஏது? 1990களில் அவர்களுக்காகவே தொழில்நுட்பப் பரிமாற்றக் குழு ஒன்று அமைந்தது. பல்கலைக்கழகங்களையும் மாநில நிலவியல் துறைகளையும் மையமாகக் கொண்டு, அந்தந்த வட்டாரத்துப் பாறையை நன்கறிந்த வல்லுநர்களே அவ்வட்டாரத்துச் சிறு உற்பத்தியாளரைக் கூட்டிவைத்து, ஒருவர் கண்ட உபாயத்தை மற்றவர்க்கு எடுத்துச் சொல்லும் ஏற்பாடு அது. ஆம்பூர்ச் சிறு தொழிற்சாலைக்காரருக்கு அடையாற்று நிலையம் எப்படியோ, அப்படி என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் தமிழ் நிலத்திலும் இக்கதைக்கு ஒரு பகுதி உண்டு. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலுக்குக் கீழே, கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த பாறைகள் இருக்கின்றன. 1964-இல் காரைக்காலில் ஆழ்துளை இட்டார்கள். உடனே செல்வம் கொட்டவில்லை. வாணிபத்துக்குத் தகுந்த அளவில் நரிமணம் முதலிய இடங்களில் எண்ணெய் வந்தது 1980களில்தான். 1993-இல் நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் சிறியதொரு சுத்திகரிப்பு ஆலை ஏற்பட்டது. குத்தாலம், திருமக்கோட்டை, இராமநாதபுரத்து வழுதூர் ஆகிய இடங்களில் எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் அமைந்தன. பாறைக்கு அரசியல் எல்லை தெரியாது. இதே படுகை பாக் நீரிணைக்கு அடியில் நீண்டு இலங்கைக் கரையைத் தொடுகிறது. 1970களில் இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனம், மன்னார்த் தீவின் பேசாலையில், சோவியத் துணையோடு துளையிட்டுப் பார்த்தது. குஜராத்தில் பலித்த கல்வி அங்கே பலிக்கவில்லை. ஆசிரியர் ஒருவரே ஆயினும், பாறை வேறு.

இதுவரை கற்பித்தவரும் கற்றவருமாக இரு தரப்பைப் பற்றிப் பேசினேன். மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. கிணறு தோண்டப்படும் நிலத்துக்கு அடுத்த நிலத்தில் நாற்று நடுகிறவர் அவர். அவருக்கு யார் சொன்னார்கள்?

இக்கேள்வியை நான் பாலாற்றங்கரையிலிருந்து கேட்கிறேன். குரோமிய முறை தொழிற்சாலைக்காரருக்கு நன்கு கற்பிக்கப்பட்டது, ஊர் பிழைத்தது, அயல்நாட்டுப் பணம் வந்தது. கழிவு நீர் எங்கே போகும் என்ற பாடம் மட்டும் பின்தங்கிவிட்டது. பாலாற்றுப் படுகையின் கிணறுகள் உப்பேறின, வயல்கள் பாழாயின. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்குரிய ஈட்டைத் தரவேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் 1996-இல் வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும், குரோமியத்தை மீட்டெடுக்கும் முறைகளும் எங்கள் பகுதியில் வேரூன்றியதற்கு அந்த நெருக்கடியும் ஒரு காரணம். அவ்வறிவு அடையாற்றில் இல்லாமற் போகவில்லை. அதைக் கேட்டு வற்புறுத்தும் உரிமையுடைய அயலாருக்கு முன்னமேயே சொல்லப்படவில்லை. மாவட்டத்தின் நல்ல தண்ணீரைக் கொடுத்து வாங்கிய பாடம் இது.

காவிரிப் படுகையிலும் இதே இடைவெளியைக் கண்டோம். 2017-இல் நெடுவாசலில் மக்கள் திரண்டு எதிர்த்தனர். அதே ஆண்டு ஜூன் 30 அன்று, கும்பகோணத்தை அடுத்த கதிராமங்கலத்தில் வயலடியில் பதித்த குழாயிலிருந்து எண்ணெய் கசிந்தது. பெரும் போராட்டம் மூண்டது. 2020-இல் தமிழக அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கும் முயற்சிகள் அங்கே தடுக்கப்பட்டன. எதிர்த்தவர் எல்லாம் விஞ்ஞானத்தை அறியாதவர் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அறியாமை இருந்தால், அதை நீக்கும் கடமை அறிந்தவருடையதல்லவா? ருஷ்ய மொழியில் இருந்ததை மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கற்றுக்கொண்ட நமக்கு, அதைத் தஞ்சாவூர்த் தமிழில் எடுத்துச் சொல்வது அரிய செயலா?

சட்டம் வந்த பின்னும் பழைய கிணறுகளும் குழாய்களும் இருக்கின்றன. கல்லூரியில் நிலவியலோ பொறியியலோ படிக்கும் மாணவர்கள் அவ்வூர்களுக்குப் போனால், வயலுக்குரியவர் கேட்கும் கேள்விகள் மூன்று. இந்தக் குழாய் எந்த ஆண்டு பதித்தது? எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது? கடைசியாக எப்போது சோதித்தார்கள்? மூன்றுக்கும் விடையைத் தமிழில் எழுதி வரப்போரத்தில் நட ஒரு சாண் அகலப் பலகை போதும்.