ஊருக்கு ஒரு சம்பளம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நேற்று சாயங்காலம் ஹாஸ்டல் பக்கம் போயிருந்தேன். இறுதியாண்டு மாணவர்கள் சூழ்ந்துகொண்டு கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணா, அமெரிக்காவுல எவ்ளோ கிடைக்கும்?" எந்த ஊரில் என்று ஒருவர்கூடச் சேர்த்துக் கேட்கவில்லை. அந்த விட்டுப்போன பாதியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

எஞ்சினியர் சம்பளத்தை வைத்து இதை விளக்குவது கஷ்டம். அதில் கம்பெனியின் பெயர், பங்கு, போனஸ், விசா என்று எல்லாம் கலந்து கிடக்கும். பரிசோதனைக் கூடத்தில் நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? மற்றதையெல்லாம் நிலையாக வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்றார்கள். அப்படிப் பார்ப்பதற்கு வாகான ஒரு தொழில் எனக்குத் தெரியும். நான் சில வருடங்களாக அமெரிக்காவில் மருத்துவ பில் போடும் மென்பொருள் எழுதுகிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் கணிசமானவர்கள் கைரோபிராக்டர்கள். அந்தத் தொழிலைத்தான் சொல்கிறேன்.

நம் ஊரில் சுளுக்கு எடுப்பவர் இருப்பார் அல்லவா, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே அது பட்டப் படிப்பு. 1895-ல் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் ஊரில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கி வைத்தது. முதுகெலும்பைக் கையால் அழுத்தி, திருப்பி, 'டக்'கென்று சத்தம் வர வைத்து வலியைக் குறைப்பார்கள். கல்லூரிப் படிப்புக்கு மேல் சுமார் நான்கு வருடம் படித்து, தேசிய அளவில் பரீட்சை எழுதி, மாநில லைசென்ஸ் வாங்க வேண்டும். இந்த வைத்தியத்தின் பழைய கொள்கைகள் பலவற்றை மருத்துவ உலகம் ஏற்கவில்லை. அதே சமயம், இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கக்கூடிய வழிகளில் ஒன்றாக 2017-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி இதையும் சேர்த்தது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது கணக்கு.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் கணக்குப்படி 2023 மே மாதத்தில் கைரோபிராக்டர்களின் நடுமட்ட ஆண்டுச் சம்பளம் 76,530 டாலர். அதாவது, சம்பளம் வாங்குபவர்களை வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவருடைய தொகை. ரூபாயில் பெருக்கிப் பார்த்து இங்கே யாரோ "ஆஹா" என்கிறீர்கள், கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கணக்கு சம்பள வேலையில் இருப்பவர்களை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது. சுயதொழில் செய்பவர்கள் இதில் வரமாட்டார்கள். இந்தத் தொழிலில் அப்படிப்பட்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! அதிகம் சம்பாதிப்பவரும் சரி, கடனில் தத்தளிப்பவரும் சரி, மூன்றில் ஒருவர் கணக்குக்கு வெளியே நிற்கிறார். ஒரு சராசரியைப் பார்த்தால் முதலில் யாரை எண்ணவில்லை என்று கேட்க வேண்டும். நம் பிளேஸ்மென்ட் புள்ளிவிவரத்துக்கும் இது பொருந்தும் என்று சொன்னால் பிளேஸ்மென்ட் அதிகாரி கோபித்துக்கொள்ள மாட்டார் என நம்புகிறேன்.

இனி ஊர் விஷயம். அங்கே முதியோருக்கு அரசு நடத்தும் காப்பீடு மெடிகேர். கைரோபிராக்டர் கையால் முதுகெலும்பைச் சரிசெய்வதற்கு மட்டும் அது பணம் தரும். அவர் எடுக்கச் சொல்லும் எக்ஸ்ரேக்குத் தராது. மூன்று நான்கு பகுதிகளைச் சரிசெய்தால் 98941 என்ற குறியீடு போட்டு பில் அனுப்புவோம். ஏறக்குறைய நாற்பது டாலர் வரும். ஏறக்குறைய என்று ஏன் சொல்கிறேன் என்றால் அது ஊருக்கு ஊர் வேறு. நாட்டை நூற்றுக்கும் மேற்பட்ட வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் மூன்று எண்கள் உண்டு: வைத்தியரின் உழைப்பு, கிளினிக் நடத்தும் செலவு, தவறான சிகிச்சைக்கு எதிரான காப்பீட்டுச் செலவு. ஒவ்வொன்றையும் அந்த வட்டாரத்துக்கான குறியீட்டெண்ணால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, வந்ததை ஒரு டாலர் மதிப்பால் பெருக்க வேண்டும். 2025-ல் அந்த மதிப்பு 32.35 டாலர். இந்தச் சூத்திரத்தைக் கணினியில் ஏற்றுவதுதான் என் பிழைப்பு.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. வாடகையும் உதவியாளர் சம்பளமும் ஒரு ஊரில் அதிகம் என்றால், அந்த வித்தியாசத்தை சூத்திரம் கிளினிக் செலவில் சேர்த்துக் கொடுக்கும். ஆனால் வைத்தியரின் உழைப்புக்கு அப்படி இல்லை. ஊர்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தில் கால் பங்கைத்தான் சட்டம் அனுமதிக்கிறது. அதாவது சான் பிரான்சிஸ்கோவில் கடை வாடகை ஏறியதற்கு ஈடு உண்டு. வைத்தியரின் வீட்டு வாடகை ஏறியதற்கு முழு ஈடு இல்லை. செலவு அதிகமான நகரத்தில் பில் பெரிதாகத் தெரியும். வீட்டுக்கு எடுத்துப் போவது அந்த அளவு பெரிதாக இருக்காது.

இன்னொரு பக்கம், ஆள் வராத ஊர்களுக்கு அரசியல் துணைக்கு வருகிறது. அலாஸ்காவில் உழைப்புக் குறியீடு 1.5-க்குக் கீழே போகக் கூடாது என்று 2009 முதல் விதி. மொன்டானா, வயோமிங், நெவாடா, வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா ஆகிய மக்கள் நெருக்கம் குறைந்த ஐந்து மாநிலங்களில் கிளினிக் செலவுக் குறியீடு 1-க்குக் கீழே போகக் கூடாது என்று 2011 முதல் இன்னொரு விதி. வாடகை மலிவு, ஆனாலும் தேசிய சராசரி அளவுக்குக் குறையாமல் செலவுப் பணம் கிடைக்கும். வரைபடத்தில் காலியாகத் தெரியும் இடங்களில் கணக்கு இப்படி நிமிர்ந்து நிற்பதை முதலில் பார்த்தபோது, புரோகிராமில் பிழை என்றே நினைத்து ஒரு நாள் முழுக்கத் தேடினேன்!

மெடிகேர் ஒரு பகுதிதான். தனியார் காப்பீடு, ரொக்கம், கார் விபத்துக் காப்பீடு என்று மற்றவையும் உண்டு. கார் விபத்துச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃபுளோரிடாவில் 2013-ல் அமலுக்கு வந்த ஒரு விதியின்படி, விபத்து நடந்து 14 நாட்களுக்குள் முதல் சிகிச்சைக்கு வராவிட்டால் அந்தக் காப்பீட்டில் பணம் கிடையாது. அடிபட்டவர் "தானா சரியாயிடும்" என்று மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டால் போச்சு. ஒரே கழுத்து வலி, ஒரே கை வேலை. எல்லைக் கோட்டைத் தாண்டினால் சட்டம் வேறு, பில் வேறு. வரியும் அப்படியே. டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநில வருமான வரி கிடையாது, கலிபோர்னியாவில் உண்டு. எங்கே இருந்தாலும் சொந்தத் தொழில் செய்பவர் சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்கும் சேர்த்து 15.3 சதவீதம் தானே கட்ட வேண்டும். சம்பளக்காரருக்கு அதில் பாதியை முதலாளி கட்டுவார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை. பெரிய நகரத்தில் ஒருவர் நாளுக்கு 25 பேரைப் பார்க்கிறார், தலைக்கு 60 டாலர், வருடம் 200 நாள். வரவு 3,00,000 டாலர். வாடகை, ஆள், விளம்பரம் என்று 70 சதவீதம் போனால் கையில் 90,000. சின்ன ஊரில் இன்னொருவர் 30 பேரைப் பார்க்கிறார், தலைக்கு 48 டாலர்தான். வரவு 2,88,000. செலவு 55 சதவீதம் என்றால் கையில் 1,29,600. வரவு குறைவு, மிச்சம் அதிகம். சின்ன ஊரில் எப்படி 30 பேர் என்று கேட்பீர்கள். சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான் கைரோபிராக்டர் என்றால் எல்லோரும் அவரிடம்தானே வர வேண்டும்? நகரத்தில் ஒரே தெருவில் மூன்று போர்டு தொங்கும்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், முப்பது வயதுக்காரர், ஒரு லட்சம் டாலருக்கு மேல் படிப்புக் கடன். கலிபோர்னியாவில் கடற்கரை நகரம் ஒன்றில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். நல்ல சம்பளம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்களாம். வாடகையும் கடன் தவணையும் போனபின் மாதக் கடைசியில் கையில் நிற்பது ஒன்றுமில்லை. பிறகு நெப்ராஸ்காவில், ஓய்வு பெறப் போகும் ஒரு பெரியவரின் கிளினிக்கைத் தவணையில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடன் வேகமாகக் கரைகிறது. ஆனால் அவருடைய மனைவி கட்டட வடிவமைப்பாளர்; அந்த ஊரில் அவருக்கு வேலையே இல்லை. ஒரு வருடம் சும்மா இருந்து, பிறகு வீட்டிலிருந்தபடி குறைந்த சம்பளத்துக்கு ஒரு வேலை பிடித்தார். "என் சம்பளம் ஏறிச்சு, வீட்டுச் சம்பளம் அவ்வளவா ஏறல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இந்த வரி எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

தம்பி தங்கையரே, இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? உங்களில் பலர் வெளிநாட்டில் மேல்படிப்புக்குப் போகப் போகிறீர்கள். வங்கிக் கடன் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போடுவார். சிலர் வீட்டுப் பத்திரத்தையும் வைப்பார்கள். அந்தத் தவணை நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஒரே தொகைதான். வாடகை அப்படி இல்லை. ஆகவே ஒரு வேலைக்கான கடிதம் கைக்கு வந்தால் ஒரு தாளை எடுத்து அந்த ஊரின் வாடகை, வரி, போக்குவரத்து, தவணை நான்கையும் கழித்து எழுதுங்கள். கல்யாணம் ஆனவர்கள் துணைவருக்கு அங்கே வேலை உண்டா என்று ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னைக்கும் கோவைக்கும் நடுவே தேர்ந்தெடுக்கவும் இதே தாள் போதும். தெரியாத ஊர் என்றால் அங்கே இருக்கும் நம் கல்லூரிக்காரருக்கு எழுதிக் கேளுங்கள். இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் முகவரிகளை ஊர் வாரியாக அச்சிட்டிருக்கிறார்கள். வாடகை எவ்வளவு என்று கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நானும் நினைக்க மாட்டேன்.

நேரம் முடிந்தது என்று செயலாளர் இரண்டாவது சீட்டும் அனுப்பிவிட்டார்.