தொடர்ச்சியின் இலக்கணம்



தொலைக்காட்சியில் நின்றுபோன விஞ்ஞானக் கதையை நாவலாகத் தொடர்வது மேலைநாட்டு வழக்கம். அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' தொடர் 1966இல் தொடங்கி 1969இல் முடிவுற்றது. மறு ஆண்டே ஜேம்ஸ் பிளிஷ் அதனைத் தொடர்ந்து 'ஸ்பாக் மஸ்ட் டை' என்னும் நாவலை எழுதினார். அதில் ஸ்பாக் இருவராகிவிடுகிறார். உண்மையானவர் எவர் என்பதே சிக்கல். தொடர்ச்சி நாவல் எதனையும் மதிப்பிட நாம் எழுப்ப வேண்டிய வினாவும் அதுவே: பழைய பெயருடன் பழைய குணமும் வந்திருக்கிறதா?

தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அந்நாவலின் தொடர்ச்சியே 'மீண்டும் ஜீனோ'. முன்னதில் கணவனைத் தேடியலைந்த எளிய பெண் நிலா, பின்னதில் அரசியாக இருக்கிறாள். ஆயினும் இயந்திர நாய் ஜீனோவின் குறும்புப் பேச்சு மாறவில்லை. கதை வளர்ந்தது, குணம் நிலைத்தது. ஆகவே அது நல்ல தொடர்ச்சி.

கரமனை ஆற்றங்கரையில் வாழும் நாமும் வேறிடத்தில் தொடங்கிய கதையின் தொடர்ச்சியே அல்லவா? நம் பிள்ளைகள் மலையாளமும் ஆங்கிலமும் கற்றுச் சிறக்கட்டும். அவர்தம் அத்தியாயத்தில் தமிழ் எழுத்து மறைந்துவிடலாகாது. இவ்விரு நூல்களையும் அவர்கள் கையில் கொடுப்போம். நாள்தோறும் ஒரு பக்கமேனும் உரக்கப் படிக்கச் செய்வோம்.

வாழ்க தமிழ்!