பழமனையும் புதுவாழ்வும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



திண்ணை, ரேழி, கூடம், முற்றம், நிலை, உத்தரம் என்னும் சொற்களை மயிலாப்பூரில் இன்று பிறக்கும் குழந்தை அகராதியில் தேட வேண்டிய காலம் நெருங்கி வருகிறது. பொருள் மறைந்தபின் சொல் நெடுநாள் நிற்பதில்லை. மாடவீதிகளைச் சூழ்ந்த தெருக்களில் ஒரு வீடு இடிபடும்போது, அதனோடு சேர்ந்து சில சொற்களும் அடித்தளம் இழக்கின்றன. ஆதலின், பழைய வீடுகளுக்குப் புதுப்பயன் தந்து காக்கும் முயற்சி பொறியாளர்க்கு உரியதாவது போலவே கவிஞர்க்கும் உரியதாகும்.

மயிலைக்கு வடக்கே அமைந்த திருவல்லிக்கேணியில் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று, 1921இல் மறைந்த பாரதியார் தம் இறுதி நாட்களைக் கழித்த வீடு. அதனை அரசு 1993இல் நினைவில்லமாக்கியது. மற்றொன்று, உ.வே. சாமிநாதையர் நெடுங்காலம் வாழ்ந்து, தமக்கு உதவிய தியாகராச செட்டியாரின் பெயரைச் சூட்டி மகிழ்ந்த வீடு. அது 2012இல் இடிக்கப்பட்டது. மரபுக் கட்டடங்களைக் காப்பதற்கென ஆணையம் அமைக்கும் சட்டம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியதும் அதே 2012இல்தான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஐயர் மறைந்த மறு ஆண்டாகிய 1943இல் நிறுவப்பெற்ற நூல்நிலையம் பெசன்ட் நகரில் அவர் தேடிய சுவடிகளைக் காத்து நிற்கிறது. சுவடிக்குப் புகலிடம் கிடைத்தது. சுவடி வாழ்ந்த வீட்டிற்குக் கிடைக்கவில்லை.

வீட்டை இடிப்போரைக் கொடியவர் எனக் கூறிவிடுதல் எளிது. உண்மை அத்துணை எளிதன்று. தியாகராயநகரை எடுத்துக்கொள்வோர் இதனை உணர்வர். மாம்பலம் ஏரி நிலத்தில் 1920களில் திட்டமிட்டு எழுப்பப்பெற்று, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கிய நகர் அது. தோட்டமும் கிணறும் சூழ அங்கே கட்டப்பெற்ற வீடுகளுக்கு இன்று வாரிசுகள் பலர். அவருள் சிலர் கடல் கடந்து வாழ்கின்றனர். மனையின் விலையோ வீட்டின் விலையைப் பன்மடங்கு விஞ்சிவிட்டது. கட்டடப் பரப்பிற்கான குறியீடு 2019இன் விதிகளால் இரண்டாக உயர்ந்தபின், ஒரு வீடு நிற்கும் மனையில் பல குடியிருப்புகள் எழ இடமுண்டு. மூத்த இணையர் இருவர் மட்டும் வாழும் பெரிய வீட்டில், மழைக்காலந்தோறும் கூரை ஒழுகும்போது, கட்டுநர் நீட்டும் ஒப்பந்தத்தை மறுப்பதற்கு மனவுறுதி மட்டும் போதாது, வருவாயும் வேண்டும்.

வீட்டைக் காப்பது அதன் பயனே. இதற்குச் சென்னையே சான்று பகரும். அடையாற்றங்கரையின் ஹடில்ஸ்டன் தோட்ட மாளிகையைப் பிரம்மஞான சபை 1882இல் தன் தலைமையகமாக்கியது. 1886இல் அங்கே தோன்றிய நூலகம் ஓலைச்சுவடிகளின் கருவூலமாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் பிராடி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய மாளிகை, 'தென்றல்' எனப் பெயர் பெற்று இசைக்கல்லூரியின் இல்லமாயிற்று. 1842இல் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க எழுந்த ஐஸ் ஹவுஸ் பின்னர் ஒருவரது இல்லமாகி, 1897இல் விவேகானந்தருக்கு விருந்தோம்பியது. அதன்பின் சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளங்கைம்பெண்கள் விடுதியாகி, இன்று விவேகானந்தர் இல்லமாகத் திகழ்கிறது. பயன் மாற மாறக் கட்டடம் வாழ்ந்தது.

பழைய வீட்டைப் புதுப்பிக்க அதன் உடற்கூறு அறிதல் வேண்டும். 'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும் கூரையில் தேக்குச் சட்டங்களின் மேல் செங்கற்களைச் செங்குத்தாகச் சாய்வரிசையில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்துத் தட்டி இறுக்குவர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியிடும் இயல்புடையது. அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். பழுதுபார்ப்பதாக எண்ணிச் செய்யும் இப்பிழையே பல வீடுகளுக்கு முடிவாயிற்று. மேலும், சுண்ணாம்புக் கல்லைச் சுட ஏறத்தாழ 900 பாகை வெப்பம் போதும். சிமென்ட்டிற்கோ 1450 பாகை வேண்டும். நிற்கும் வீட்டின் செங்கல்லுக்கு எரித்த விறகு முன்பே எரிந்து தீர்ந்தது. இடித்துக் கட்டுவோர் அதனை வீணாக்கி மீண்டும் எரிக்கின்றனர். முற்றமும் கிணறும் தோட்டமும் மழைநீரை மண்ணுக்கு ஈந்தன. அவை மூடப்பட்ட ஏரி நிலத்தில் 2021இல் வெள்ளம் தேங்கி நின்றதில் வியப்பில்லை.

அயலிடங்களும் வழி காட்டுகின்றன. புதுச்சேரியின் தமிழ்ப் பகுதியில் வைசியர் வீதி வீடுகளின் முகப்புகள் செப்பம் செய்யப்பெற்று, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது பெற்றன. சிங்கப்பூர் 1989இல் தமிழர் நடமாடும் சிராங்கூன் சாலைப் பகுதியையும் காப்புப் பகுதிகளுள் ஒன்றாக்கியது. இரண்டிடத்தும் தனி மாளிகை அன்று, தெருவே காக்கப்பட்டது.

எல்லாப் பழைய வீடும் உணவகமாகவோ பட்டுக்கடையாகவோ மாறுவதே மீட்சி என்று கொள்ளலாகாது. சுவர் பிழைத்து அண்டை அயல் மறைந்தால் அது பாதி மீட்சியே. மேல்மாடியில் குடும்பம் வாழ, கீழ்க்கூடம் படிப்பகமாகவோ பாட்டு வகுப்பாகவோ மருத்துவர் அறையாகவோ வாடகை ஈட்டுமாயின், வீட்டிற்கும் வாழ்வுண்டு, தெருவிற்கும் வாழ்வுண்டு.

இங்கே இவ்வட்டத்திற்கும் ஒரு கடமை உண்டு. கூட்டம் நடத்த அரங்கு தேடும் இலக்கிய அமைப்புகள், மயிலையிலும் அடையாற்றிலும் எஞ்சியுள்ள வீடுகளின் கூடங்களை வாடகை தந்து நாடட்டும். திங்கள்தோறும் ஒரு கவியரங்கம் தரும் சிறுதொகை கூரை முழுவதையும் செப்பனிடாது. ஆயினும் அக்கூடம் இன்னும் வேண்டப்படுவது என்பதை வீட்டுடையவர்க்கு உணர்த்தும். பதினோராம் ஆண்டின் முதற் கூட்டம் ஒரு முற்றத்தைச் சுற்றி நடைபெறுமாயின், இவ்விழா பொருளுடையதாகும்.